84 நாட்களுக்குப் பிறகு பிள்ளையை ஏந்துவது யார்?

பெண்ணுரிமை பற்றி மேடைதோறும் பேசி வந்திருக்கிறோம். சட்டப் புத்தகங்களைப் புரட்டி, “இது உரிமை, சலுகையன்று!” என வாதாடியும் இருக்கிறோம். ஆயினும், மஹய்யாவவிலிருந்து வந்த ஒரு தாய் நம் வீட்டு வாயிலில் நின்று சொன்ன ஒரு சொல், நம் முழக்கங்களையெல்லாம் ஊமையாக்கிவிட்டது. அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

நாம் கண்டியிலே சட்டத்தரணியாகத் தொழில் புரிகிறோம், பொதுப்பணியும் செய்கிறோம், பிள்ளை பெற்ற தாயும் ஆவோம். கறுப்பு அங்கியுடன் நீதிமன்றம் செல்லுமுன், நம் கடைக்குட்டியைக் கையில் வாங்கிக்கொள்ள அந்தத் தங்கச்சி வந்துவிடுவாள். தன் கடைசிப் பிள்ளையைப் பெற அவள் வேலைக்கு வராது நின்றது நாற்பது நாள். அதற்குமேல் நிற்க அவளுக்கு வசதியில்லை. நிற்கச் சொல்ல நமக்கும் தோன்றவில்லை!

ஒரு நாள், நமக்கு முக்கியமான வழக்கு. மணி எட்டரையாகியும் அவளைக் காணோம். வானொலிச் செய்தியிலே, பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிச் சேர்க்க வேண்டுமென்று எவரோ பேசிக்கொண்டிருந்தார். “நல்ல பேச்சு” என்று தலையசைத்தோம். அவ்வேளை, இடுப்பிலே பத்து மாதக் குழந்தையுடன் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“மன்னிச்சுக்கங்க அம்மா. பெரியவளுக்கு இன்னைக்குத் தவணைப் பரீட்சை. பரீட்சைக்காவது போகட்டும்னு அனுப்பிட்டேன். சின்னவனைப் பார்க்க ஆளில்லை, தூக்கிட்டு வந்துட்டேன்.”

“பரீட்சைக்காவது” என்றாளே, அந்த ஒரு சொல்! அப்படியானால் பரீட்சை இல்லாத நாட்களில்? நாம் நேரந்தவறாது நீதிமன்றம் புகுந்த நாட்களிலெல்லாம், 12 வயதுச் சிறுமி ஒருத்தி புத்தகத்தை மூடிவைத்துத் தம்பியைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். நம் பெண்ணுரிமைப் பேச்சின் விலையை அவளல்லவோ கட்டிக்கொண்டிருந்தாள்!

“வீட்டில் பெரியவர்கள் எவரும் இல்லையா?” என்று கேட்டோம். “எங்கம்மா செத்துப்போச்சு. பெரியம்மா, சித்தி எல்லாம் அந்தக் காலத்திலேயே கப்பலேறிப் போயிட்டாங்களே அம்மா” என்றாள்.

இந்த விடையிலே ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. நகரத்தின் அழுக்கை அகற்றவென ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழும் இடம் மஹய்யாவ. 1988இல் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்ட கண்டி, பெரஹரா முடிந்த மறுநாள் காலையிலே முகம் கழுவியதுபோல் நிற்கிறதே, அதைக் கழுவிவிடுவோரிற் பலர் இம்மக்களே. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியெனப் பிரித்துக்கொண்டார்கள். உலகின் முதல் பெண் பிரதமர் 1960இல் பதவியேற்ற நாடு இது. அவர் கையெழுத்தாலேயே எத்தனை தாய்மார் தம் உடன்பிறந்தாளை இழந்தனர்! பிள்ளையை ஏந்தப் பெரியம்மா இல்லாமற் போனது விதியன்று, அரசியல்!

சட்டம் தாய்க்கு என்ன தருகிறது? அரசாங்க சேவையிலுள்ளவளுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் விடுமுறை. வேண்டுமாயின் அரைச் சம்பளத்துடன் 84 நாள். அதன்மேல் சம்பளமின்றி 84 நாள். தனியார் தொழில்களில், 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தை 2018இல் திருத்திய பின்னரே மூன்றாம் பிள்ளைக்கும் 84 நாள் கிட்டிற்று. அதற்கு முன் அது 42 நாள். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பாலூட்ட நாளொன்றுக்கு இருமுறை இடைவேளையும் உண்டு. காப்பகம் இருக்குமிடத்தில் அரைமணி, இல்லாவிடத்தில் ஒருமணி. பாலூட்டப் பிள்ளை அருகில் இருந்தாலல்லவா அந்த ஒருமணி பயன்படும்! தகப்பனுக்கோ அரசாங்க சேவையில் 3 நாள். பிள்ளை இருவருக்கும் பிறந்தது என்பதைச் சட்டம் அந்த அளவுக்குத்தான் ஒப்புக்கொள்கிறது. நம் வீட்டிலும் அன்று கணவர் நேரத்துக்கு அலுவலகம் சென்றுவிட்டார்; “பிள்ளையை யார் பார்ப்பது?” என்ற கேள்வி அவர் காதில் விழவேயில்லை.

மறுபுறம், 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி உண்டு. 2016இல் வந்த ஒழுங்குவிதிப்படி 5 வயது முதல் 16 வயதுவரை பிள்ளை பள்ளியில் இருந்தே ஆக வேண்டும். நன்று! தாய்க்கு 84 நாள். பிள்ளைக்கு ஐந்தாம் வயதில் பள்ளி. இடையிலுள்ள நாலேமுக்கால் ஆண்டு யார் கணக்கு? வசதியுள்ள வீட்டில் அது கூலிக்கு வரும் பெண்ணின் கணக்கு. அந்தப் பெண்ணின் வீட்டில் அது மூத்த மகளின் கணக்கு. ஒரு சட்டம் விட்ட இடைவெளியை அடைக்க, இன்னொரு சட்டம் தந்த உரிமையை அச்சிறுமி பறிகொடுக்கிறாள்.

தேயிலைத் தோட்டத்திலே பிள்ளை மடுவம் உண்டு. துரைமாரின் கருணையால் வந்ததன்று அது. தாயின் கை காலையிலே கொழுந்துக்கு வரவேண்டுமாயின், பிள்ளையை ஏந்த ஓர் இடம் வேண்டுமென்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. இலாபத்துக்காக வெள்ளைக்காரன் போட்ட கணக்கை, நீதிக்காக நாம் போடக்கூடாதா? இது கண்டிக்கு மட்டுமான பேச்சுமன்று. வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கும் யாழ்ப்பாணத்துத் தாய், மரநிழலில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்துகிறாளே, அவளுக்கும் உரிய பேச்சு.

நாம் கேட்பவை மூன்று. ஒன்று, உழைப்பாளர் வாழும் பகுதிதோறும், மஹய்யாவவிலே தொடங்கி, விடியுமுன் திறக்கும் பிள்ளைக் காப்பகம் வேண்டும். துப்புரவுப் பணி விடியலில் தொடங்குகையில், எட்டு மணிக்குத் திறக்கும் கதவு யாருக்கு உதவும்? இரண்டு, அதன் செலவை மாநகர சபையும் வேலை கொடுப்போரும் பகிர்ந்தேற்க வேண்டும். சட்டத்தரணிகளும் மருத்துவர்களும் இதில் வேலை கொடுப்போரே என்பதை மறவாதிருப்போமாக. மூன்று, வீட்டு வேலை செய்யும் தாய்க்கும் மகப்பேற்று விடுமுறை சம்பளத்துடன் கிட்டவேண்டும். சட்டம் வந்து நம்மைக் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். அச்செய்தியை அன்று அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டியவர் நாமே. “நல்லதுதான் அம்மா” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அந்த அமைதியின் பொருள் அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

இன்று அவள் குழந்தையும் நம் வீட்டிலேதான் விளையாடுகிறான். பெரியவள் நாள்தோறும் பள்ளி செல்கிறாள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பல நாள் பிந்திச் செய்த ஒரு வீட்டு ஏற்பாடு இது, ஊருக்கான தீர்வன்று. இதை வாசிக்கும் தொழில் வல்லோரே, விவசாயப் பெருமக்களே! நாளைக் காலை நீங்கள் வேலைக்குப் புறப்படுகையில் ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நம் பிள்ளையை ஏந்தும் கைக்குரியவளின் பிள்ளை, இப்போது யார் கையில்?