விபசாரத்துக்கு லைசென்ஸ்: பெங்களூர் ஒருமுறை பார்த்தது போதாதா?

விபசாரத்தைச் சட்டபூர்வமாக்கி, அதிலுள்ள பெண்களுக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். போலீஸ் மாமூல் ஒழியும், ரவுடிகளின் கொட்டம் அடங்கும், மருத்துவப் பரிசோதனை ஒழுங்காக நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணம் நல்லதுதான். கணக்குதான் தப்பு.

லைசென்ஸ் பெங்களூருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1864-ம் ஆண்டு கண்டோன்மெண்ட் சட்டத்தை ஒட்டி, பட்டாளம் இருந்த ஊர்களில் இப்பெண்களின் பெயரைப் பதிவு செய்தார்கள். குறித்த நாளில் பரிசோதனை நடக்கும். நோய் இருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி' என்ற இடத்தில் அடைத்துவிடுவார்கள். நம்மவர்கள் பட்டாளத்தோடு வந்து குடியேறிய பெங்களூர் கண்டோன்மெண்டிலும் அப்படி ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அவர்களை நாடிப் போன சிப்பாய்க்குப் பதிவும் இல்லை, அடைப்பும் இல்லை. நோயும் ஒழியவில்லை. எதிர்ப்பு வலுத்து, 1888-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டே இம்முறையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

இன்று யார் லைசென்ஸ் வாங்குவார்கள்? தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ தாயும் பிள்ளையும் இருக்க, மகள் கம்பெனி வேலையில் இருப்பதாக ஊர் நம்பிக்கொண்டிருக்க, எந்தப் பெண் சர்க்கார் ரிஜிஸ்டரில் பெயர் எழுதுவாள்? தொழிலை விட்ட பிறகும் அந்தப் பதிவு அவளை விடுமா? ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவளையும் வயது நிரம்பாத சிறுமியையும் எந்தத் தரகன் பதிவுக்கு அழைத்து வருவான்? லைசென்ஸ் இல்லாத பெண்களிடம் மாமூல் இரட்டிப்பாகும். நடைபாதை வியாபாரியின் பாட்டை அறிந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுப்ரீம் கோர்ட் 19-5-2022 அன்று பிறப்பித்த உத்தரவு இந்த உண்மையை உணர்ந்திருக்கிறது. இப்பெண்களைப் போலீசார் கண்ணியமாக நடத்த வேண்டும். பத்திரிகைகள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் ஆதார் வழங்க வேண்டும். அந்த ஆதாரில் தொழிலைக் காட்டும் எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது என்றது கோர்ட். ஆதாரில் கூடாத முத்திரையை லைசென்சாகக் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

அப்படியானால் இன்றைய நிலையே நீடிக்கட்டுமா? கூடாது. 1956-ம் ஆண்டு சட்டப்படி, தன் உடலை விற்பது மட்டுமே குற்றமல்ல. ஆனால் பொது இடத்தில் ஆள் அழைத்தால் ஆறு மாதம் வரை சிறை. இந்தப் பிரிவைக் காட்டித்தான் பெண்ணை மிரட்ட முடிகிறது. அதை நீக்க வேண்டும். விடுதி நடத்துகிறவன் மீதும், ஆள் கடத்துகிறவன் மீதும் உள்ள பிரிவுகள் அப்படியே இருக்கட்டும். போலீசின் பலம் அங்கே பாயட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. "பெங்களூரில் வேலை வாங்கித் தருகிறேன்" என்று ஊரில் எவராவது பெண்ணை அழைத்தால், கம்பெனி பெயரையும் தங்குமிடத்தையும் விசாரித்த பிறகே அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதுங்கள். ரயில் நிலையத்தில் சிறுமி தனியாகத் திகைத்து நின்றால் 1098-க்கு டெலிபோன் செய்யுங்கள். இதற்கு எந்த லைசென்சும் தேவையில்லை.