கம்பியைப் பிடுங்கிப் பார்த்தாயா?

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு அம்மாள் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டார். கம்ப்யூட்டர் சென்டரில் எல்லாவற்றையும் நிரப்பி, 'அனுப்பு' என்று அழுத்திய நேரம் பார்த்து லைன் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சென்டர் பையனுக்கும் தெரியவில்லை. லைன் வந்ததும் மறுபடி அழுத்தினான். ஒரே பேரில் இரண்டு விண்ணப்பம் ஆகிவிட்டது. இரட்டைப் பதிவு என்று சொல்லி இரண்டையும் தள்ளிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய அந்த அம்மாள் நான்கு மாதம் நடந்தார். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. இந்தக் குறை ஒரு அலுவலகத்தோடு நிற்பதும் இல்லை.

இது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. விடுமுறைக்கு என் பேரன் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்திறங்கினான். இன்ஜினியரிங் படிக்கிறான். காலேஜ் ப்ராஜெக்டுக்காக இதே மாதிரி விண்ணப்பம் அனுப்பும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான்.

"தாத்தா, இந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னும் மூணு கம்ப்யூட்டர் இருக்கு, பாருங்க" என்றான்.

விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். தமிழில் மெய்நிகர் கணினி. நிஜக் கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுத்தால், அது தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டு ஓடும். ஒன்றில் பழைய விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணம் ஒன்றும் புதிதல்ல. 1972-லேயே ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்கு இப்படி ஒன்றை வெளியிட்டது. நான் டைப்ரைட்டிங் பரீட்சைக்குத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது! இன்று விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

உள்ளே இருக்கும் கணினி வெளியுலகத்தோடு பேசவும் வழிகள் உண்டு. 'நாட்' என்று வைத்தால், குடியிருப்பவர் வீட்டுக்காரர் விலாசத்தில் மே/பா போட்டுக் கடிதம் வாங்குகிற மாதிரி. 'பிரிட்ஜ்' என்றால் தனிக் கதவு எண். 'இன்டர்னல்' என்றால் உள்ளே இருக்கும் கணினிகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும். பேரன் மூன்றாவதைத்தான் வைத்திருந்தான். ஒன்று விண்ணப்பம் அனுப்புகிற கணினி, ஒன்று வாங்குகிற கணினி. எது கெட்டுப்போனாலும் கவலையில்லை. முதலிலேயே 'ஸ்னாப்ஷாட்' எடுத்துவைத்தால், ஒரு நொடியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது எங்களுக்கு 'ப்ரூயோன்' என்று ஒரு நோட்டு உண்டு. கணக்கானாலும் கட்டுரையானாலும் அதில் அடித்துத் திருத்திப் பார்த்த பிறகுதான் நல்ல நோட்டில் எழுத வேண்டும். இது கணினிக்கு ஒரு ப்ரூயோன் என்று புரிந்துகொண்டேன்.

அந்த அம்மாள் கதையைச் சொன்னேன். பேரன் உடனே லைனை வேண்டுமென்றே மெதுவாக்கினான். லினக்ஸில் அதற்கு 'நெட்எம்' என்ற வசதி இருக்கிறது. பிறகு அனுப்பு என்று அழுத்தி, பாதியில் கம்பியைப் பிடுங்கினான். நிஜக் கம்பி இல்லை. 'கேபிள் இணைக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால் போதும். கொஞ்ச நேரம் கழித்து, 'தோல்வி, மறுபடி முயலவும்' என்றது. டிக்கைப் போட்டு மறுபடி அழுத்தினான். அந்தப் பக்கம் இரண்டு விண்ணப்பம்! அவன் முகம் வாடிவிட்டது.

விஷயம் இதுதான். விண்ணப்பம் முதல் தடவையே போய்ச் சேர்ந்துவிட்டது. 'கிடைத்தது' என்று திரும்பி வர வேண்டிய பதில்தான் வழியில் அறுந்தது. பதிவுத் தபால் சேர்ந்து, ஒப்புகை அட்டை மட்டும் தொலைந்த கதை.

"ஏண்டா, எங்க ஆபீஸ்ல ஒரு தபாலுக்கு ஒரு ந.க. எண்தான். அதே விஷயமா பத்து நினைவூட்டு வந்தாலும் அந்த எண்ணிலேயேதான் சேர்ப்போம். புதுக் கோப்பு போட்டா சூப்பரின்டென்டென்ட் விடமாட்டார்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். விண்ணப்பம் கிளம்பும் முன்பே அதற்குத் தனி எண் ஒன்று கொடுக்கும்படி மாற்றினான். மறுபடி எத்தனை முறை அனுப்பினாலும் எண் மாறாது. வாங்குகிற கணினி, 'இது ஏற்கெனவே வந்தது' என்று கண்டுகொண்டு பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கும். பத்து முறை கம்பியைப் பிடுங்கினோம். விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான்.

இதிலிருந்து என் கருத்தைச் சொல்கிறேன். பொதுஜனம் பயன்படுத்தும் எந்த மென்பொருளையும் வெளியிடும் முன், வேகமான லைன் உள்ள ஏசி அறையில் மட்டும் சோதித்தால் போதாது. நினைவகம் குறைந்த பழைய கணினியில், இழுத்துக்கொண்டு வரும் லைனில், பாதியில் அறுந்துபோனால் என்ன ஆகும் என்று பார்த்தாக வேண்டும். ஆடிக் கிருத்திகையன்று மலையடிவாரத்தில் நின்று போன் பேசிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் உள்ள தமிழரையும், எல்லையோரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். செலவாகும் என்ற சாக்கு செல்லாது. ஒரு மாணவன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பகலில் செய்துகாட்டிவிட்டான்.

மெய்நிகர் கணினியில் எல்லாக் குறையும் தெரிந்துவிடாது என்பதும் உண்மை. ரேகை தேய்ந்த விரலையும் கண்புரை விழுந்த கண்ணையும் அதில் உருவாக்க முடியாது. அதற்கு எழுபது வயதுக்காரர் ஒருவரைத்தான் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். கூப்பிட்டால் நான் வருவேன்!

நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் ஊருக்கு வரும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "நீ எழுதினதை அனுப்பும்போது பாதியில் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தாயா?"