இழைப்புளியைக் கீழ வைங்க சாமி!

கொல்லிமலையில உக்காந்துக்கிட்டு பாய்ப்படகைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க மக்களே. இங்க படகுன்னா வாசலூர்ப்பட்டி படகுத்துறைதான், அதுவும் காலால மிதிக்கிற படகு. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி பாய்மரம் இங்க வரப்போறதில்ல. ஆனா இந்தப் பதிவு பாதி படகைப் பத்தினது, பாதி மரத்தைப் பத்தினது. மரத்தைப் பத்திப் பேச மலைக்காரனுக்கு உரிமை இருக்குல்ல? :-)

சென்னையில அக்கா பையன் ஆப்டிமிஸ்ட் ஓட்டக் கத்துக்கிறான். 1947ல அமெரிக்காவுல கிளார்க் மில்ஸ் வரைஞ்ச, எட்டடிகூட இல்லாத குட்டிப் படகு. நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதுக்கப்புறம் அக்காவுக்கும் ஆசை வந்துருச்சு. இந்தப் படகுக்கு நடுவுல ஒரு பொந்து. அதுல மேல இருந்து கத்தி சொருகுற மாதிரி ஒரு பலகையை இறக்கணும். டாகர்போர்டுன்னு பேரு. காத்து பக்கவாட்டுல தள்ளும்போது படகு நண்டு மாதிரி நழுவாம முன்னால போறது அந்தப் பலகையாலதான்.

பையனோட படகுல மரப்பலகை. கார்த்திகை மழையில ஊறி, வளைஞ்சு, பொந்துல பாதியில நின்னுக்கிச்சு. கரையில இருந்த ஒரு பெரிய மனுஷர் (பேரு வேண்டாம்) இழைப்புளியை எடுத்து, புடைச்ச பக்கத்துல நாலு இழுப்பு இழுத்தாரு. சர்ர்ருன்னு இறங்குச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க.

மாசி வெயில்ல மரம் காஞ்சு பழையபடி நேராச்சு. ஆனா சீவினது சீவினதுதானே? பொந்துக்குள்ள லொட லொட. ஒருநாள் படகு தலைகீழாக் கவுந்தப்ப பலகை உருவிக்கிட்டு வெளிய போயிருச்சு. கவுந்த படகை நிமித்த அந்தப் பலகையைத்தான் பிடிக்கணும், அது மேல ஏறி உடம்பு எடையைப் போடணும். பலகை இல்லாம, பிடிமானமே இல்லாத வழவழப்பான அடிப்பக்கத்துல பத்து வயசுப் பையன் தொங்கிக்கிட்டிருந்தான். மீட்புப் படகு பக்கத்துல இருந்துச்சு, சரியாப்போச்சு. பலகையை ஒரு கயித்தால கட்டியிருந்தாக்கூட போதும். அதுவும் கட்டல.

இதுக்கு அவங்க சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? "மரம்னாலே இப்படித்தான், வெளிநாட்டுப் பலகை வாங்குங்க." வந்துச்சு பாருங்க கோவம்!

எங்க ஊர்ல மழைக்காலத்துல கதவு அடைச்சுக்கும். எந்த ஆசாரியாவது ஐப்பசியில கதவை இழைப்பாரா? "தை வரட்டும் தம்பி, தானா வழிக்கு வரும்"பாரு. மழையில இழைச்ச கதவு வெயில்ல விரல் நுழையுற அளவுக்கு சந்து விடும். ஒரு கதவுக்குத் தெரியுற நியாயம், ஒரு புள்ளையோட உசுரு தொங்குற பலகைக்குக் கிடையாதா?

மரம் வீங்குறதும் சுருங்குறதும் எல்லாத் திசையிலயும் ஒரே அளவா நடக்காது. வளையக் கோடு ஓடுற திசையில, மையத்துல இருந்து வெளிய போற திசையைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனால மரத்தை அப்படியே தட்டையா அறுத்து எடுத்த அகலப் பலகை குழியாத்தான் செய்யும். கோடுகள் முகத்துக்கு நெட்டுக்குத்தா நிக்கிற மாதிரி அறுத்த குறுகலான சட்டங்களை ஒட்டிச் செஞ்சா அடங்கி நிக்கும். அப்புறம் எபாக்ஸியோ வார்னிஷோ ரெண்டு முகத்துக்கும் சமமா அடிக்கணும். முகத்தைவிட முக்கியம் வெட்டு முனைகளும் கயித்துக்குப் போட்ட ஓட்டையும். தண்ணி அங்கதான் வேகமா ஏறும். நம்மாளு என்ன செஞ்சாரு? இருந்த பூச்சையும் சீவி எடுத்துட்டு, பச்சை மரத்தைத் திரும்பத் தண்ணியில விட்டாரு.

ஏற்கெனவே குழிஞ்ச பலகைக்கு வைத்தியம் உண்டு. குழிஞ்ச பக்கம் ஈரத்துணி, புடைச்ச பக்கம் வெயில். பொறுமையா விட்டா நிறைய நிமிரும். முறுக்கிக்கிட்ட பலகைன்னா விட்டுடுங்க, புதுசு செய்யுங்க. ஒரு பக்கம் திரும்பினா நல்லா ஏறுது, மறுபக்கம் திரும்பினா நழுவுதுன்னா பலகை கோணல்னு சந்தேகப்படுங்க. லொடலொடன்னு ஆடுனா பொந்தோட மேலயும் கீழயும் மெல்லிசா ரப்பர் பட்டை ஒட்டுங்க. ஆட விட்டா பொந்தோட ஓரம் தேஞ்சு படகே ஒழுக ஆரம்பிக்கும். இறுகுனா முதல்ல உள்ள மணல் இருக்கான்னு பாருங்கய்யா, அதுக்கப்புறம் ஆயுதம் எடுக்கலாம்.

பலகைன்னா ஏத்தி இறக்கத்தான். பின்காத்துல ஏத்தணும், எதிர்காத்துல இறக்கணும். ஆப்டிமிஸ்ட் பொறந்த அதே 1947ல ஹெயர்டால் கோன்-டிக்கி தெப்பத்துல பசிபிக்ல 101 நாள் மிதந்தாரு. அதுலயும் கட்டைகளுக்கு நடுவுல இப்படிப் பலகைங்க இருந்துச்சு. அதுங்களை ஏத்தி இறக்கியே தெப்பத்தைத் திருப்பலாம்னு 1953ல ஈக்வடார் பக்கம் சோதிச்சுப் பாத்தப்பதான் அவருக்கே விளங்குச்சு. அந்த ஊர்ப் பழங்குடிக்காரங்களுக்கு அது எப்பவோ தெரியும்.

பையனுக்கு நானே தேக்குச் சட்டம் ஒட்டி ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கேன். போட்டிக்குப் போனா அளவுச் சோதனை உண்டு, அது வேற தலைவலி. இப்ப பழகத்தானே. இப்போதைக்கு பலகை பரண்ல நிழல்ல கிடக்கு. தினமும் ஏறிப் பாக்குறேன். வீட்டம்மா முறைக்கிறாங்க.

டிஸ்கி: சில்வர் ஓக்குல செய்யலாமான்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க. அது மிளகுக்கொடி ஏத்தறதுக்கு.