சுங்கான் துரையும் அம்மாயியின் புகையிலையும்

இதை எழுதும்போது என் மேசையில் ஒரு வட்டத் தகர டப்பா இருக்கிறது. அதன் எழுத்துகள் எல்லாம் தேய்ந்துவிட்டன. எழுபதுகளின் இறுதியில், எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில் எங்கள் பெரிய துரை புகைத்துத் தீர்த்த சுங்கான் புகையிலை டப்பா அது. 1975-இல் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர் வந்த சிங்களத் துரை அவர். ஆயினும் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற சுங்கானை மட்டும் குறைவில்லாமல் சுவீகரித்துக்கொண்டிருந்தார். பங்களாவில் வேலை பார்த்த மாமா அந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுக்க, என் அம்மாயி அதில் தன் வெற்றிலைச் சாமான்களை வைத்துக்கொண்டாள்.

டப்பாவைத் தேடி எடுக்கவைத்தவர் கொழும்பு நண்பர் ஒருவர். அண்மையில் இருவரும் இரத்தினபுரிக்குக் காரில் போனோம். இளமையில் தாம் பிடித்த சுங்கான் கலவைகளைப் பற்றி அவர் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். அவிசாவளையில் தேநீருக்காக இறங்கினோம். பேருந்துக்காக நின்ற தோட்டத்து மூதாட்டி ஒருத்தி வெற்றிலை எச்சிலைத் துப்பினாள். நண்பர் முகத்தைச் சுளித்து, "என்ன அசிங்கமான பழக்கம்!" என்றார். அதுவரை அவர் பேசியது ருசியைப் பற்றி, இவளுடையது பழக்கமாம்.

நண்பரின் ருசியை நான் மறுக்கவில்லை. சுங்கான் கலவை உண்மையில் நுட்பமான விஷயம். சூடேற்றிய கொட்டகையில் உலர்த்தப்படும் வேர்ஜினியா இலையில் சர்க்கரை மிகுதி. இனிப்பும் வைக்கோல் மணமும் அதன் குணம். காற்றில் உலர்த்தும் பேர்லி இலையில் சர்க்கரை குறைவு. ஆனால் அதிமதுரமோ கொக்கோவோ, எதைத் தெளித்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். சிரியாவின் துறைமுக நகரொன்றின் பெயரைத் தாங்கிய லட்டாக்கியா, விறகுப் புகையில் வாட்டி எடுக்கப்படுவது. கருவாட்டைப் போலத் தூரத்திலேயே தன்னை அறிவித்துவிடும். அமெரிக்க லூசியானாவின் பெரீக்கைப் பீப்பாய்க்குள் அழுத்திப் புளிக்க வைக்கிறார்கள். மிளகு போல ஒரு சிட்டிகை போதும். இலண்டன் டியூக் வீதியில் 1907-இல் கடை திறந்த அல்பிரட் டன்ஹில், வாடிக்கையாளரின் நாவுக்கு ஏற்பக் கலந்து கொடுத்ததோடு நில்லாமல், அந்தந்தக் கலவையைப் பேரேட்டிலும் பதிந்து வைத்தார். பல்லாண்டு கழித்து வந்து கேட்டாலும் அதே கலவை கிடைக்கும்.

எங்கள் அம்மாயியின் கலவைக்குப் பேரேடு இல்லை. அவளுக்கு யாழ்ப்பாணப் புகையிலைதான் வேண்டும். ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போன சரக்கு அது. கடைக்காரர் எதை நீட்டினாலும் முகர்ந்து பார்த்து, காரம் போதாதென்றால் திருப்பித் தந்துவிடுவாள். பாக்குக்குக் கேகாலை மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. பச்சைப் பாக்கு தலையைச் சுற்றும் என்று காய்ந்ததையே சீவுவாள். விடியுமுன் பால் வெட்டப் போகையில் புகையிலை கூடுதல். மாலையில் லயத்து வாசலில் இருந்து கதைக்கையில் அது குறைந்து, ஒரு கிராம்பு சேரும். சுண்ணாம்பு நகக்கண் அளவு மட்டுமே. என்றாவது நாங்கள் மடித்துக் கொடுத்தால் மென்று பார்த்து, "சுண்ணாம்பு மிஞ்சிப்போச்சு" என்று கண்டுபிடித்துவிடுவாள். டன்ஹில் கடையில் பிறந்திருந்தால் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

இரசாயனம் இருவரையும் ஒரே வாங்கில் உட்கார வைக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மைதான் நிக்கோட்டினைக் கன்னத்தின் உட்தோல் வழியே இரத்தத்தில் சேர்க்கிறது. புகையை விழுங்காத சுங்கான்காரரும் பெரும்பாலும் வாய்வழியாகவே நிக்கோட்டினைப் பெறுகிறார். நோயும் அப்படித்தான். சுங்கான் உதட்டுப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 1964-இலேயே சொல்லிவிட்டது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், ஏன், பாக்கு மட்டுமே கூட புற்றுநோய்க் காரணிதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். தோட்டப்புறத்தில் பெண்களும் தப்புவதில்லை.

அம்மாயி ஒருநாள் சம்பல் உறைக்கிறது என்றாள். மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு தின்றவள் அவள். வயதாகிவிட்டது என்று சிரித்தோம். பிறகு கறி உறைத்தது. பிறகு வாயை அகலத் திறக்க முடியவில்லை. பாக்கு, வாயின் உட்தோலை இறுக வைக்கும் நோயின் முதல் அடையாளங்களே இவை என்பதை லயத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மகரகமவுக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது.

2016 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி, புகையிலை கலந்த மெல்லும் கலவைகளைத் தடை செய்தது. வரவேற்கிறேன். பாடசாலைப் பிள்ளைகளை வளைக்கும் வண்ணப் பாக்கெட்டுகளுக்கு அந்தத் தடை வேண்டும். ஆனால் அம்மாயியின் டப்பாவைச் சட்டத்தால் மூட முடியாது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரிச் சரிவில் நனைந்தபடி கொழுந்து பறிப்பவளுக்கு, உடம்பில் சூட்டைக் கிளப்பிப் பசியைத் தள்ளிப்போடும் மலிவான பொருள் அதுதான். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்காதவர்கள், "வெற்றிலை போடாதே" என்று சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அசிங்கம் என்று ஏசுவதால் எவரும் விட்டதில்லை. ஒளித்துவைத்துப் போடுகிறார்கள், ஒளித்தவர்கள் வாயைக் காட்டவும் வருவதில்லை.

என் அபிப்பிராயம் எளியது. அவர்களுடைய ருசியை முதலில் ருசி என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு பாக்கைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் பேசுங்கள். அப்போது காது கொடுப்பார்கள். பிரட்டுக்களத்திலேயே மாதத்துக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை வைக்கலாம். மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா, கன்னத்துக்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா, சம்பல் புதிதாக உறைக்கிறதா? இவ்வளவையும் பார்க்கவும் கேட்கவும் ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும். இதற்கென அரை நாள் சம்பளத்தை வெட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் வந்தவர், கடுவலை தாண்டியதும், இருபத்தைந்து ஆண்டு சுங்கான் பிடித்தும் தம் வாயை ஒரு வைத்தியரும் பார்த்ததில்லை என்றார். வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.