எண்ணும் நியாயமும்

கலாசாலையில் முதன்முதலாக நிகழ்தகவும் புள்ளியியலும் பயின்ற ஒரு மாணாக்கரிடம், அப்பாடத்தால் அடைந்த பயன் யாது என்று கேட்டால், பெரும்பாலும் சில சூத்திரங்களின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார். சராசரியை எடுப்பார், திட்ட விலக்கத்தைத் தசமஸ்தானம் பிசகாமல் கணக்கிடுவார், பரீட்சையிலும் தேறிவிடுவார். ஆனால் அந்தச் சராசரி எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்று விசாரித்தால் விழிப்பார். குற்றம் அவருடையதன்று, காரணத்தை விட்டு விதியை மட்டும் போதிக்கும் முறையினுடையது. இம்முறை மாறவேண்டும் என்பதும், மாறிய முறையில் இப்பாடம் சட்டம் பயில்வோர் உட்படக் கலாசாலை மாணாக்கர் அனைவருக்கும் உரியதாக வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

இதைக் கணித ஆசிரியர்களின் உள்வீட்டு விவகாரம் என்று நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. இப்பாடத்தின் முதல் அத்தியாயத்தை மதியாமையால் ஒரு மாது சிறை புகுந்த வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்பவர் சாலிஸிட்டர் தொழில் செய்துவந்தார். 1996-ம் வருஷத்தில் அவருடைய முதற் குழந்தையும், 1998-ல் இரண்டாம் குழந்தையும் பிறந்த சில வாரங்களுக்குள் திடீரென இறந்தன. தாயே கொன்றாள் என்று வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கில் சாட்சி சொன்ன வைத்திய நிபுணர் ஒருவர் ஒரு கணக்கை எடுத்துரைத்தார். இத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறப்பது 8,543-ல் ஒன்று. ஆகையால் இரண்டு குழந்தைகள் அவ்வாறு இறப்பது, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்க வரும் சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். 1999 நவம்பரில் ஜூரர்கள் குற்றவாளி என்றனர். ஆயுள் தண்டனை கிடைத்தது. 2000-ல் செய்த அப்பீலும் பயனற்றுப் போயிற்று.

அந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன. ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கே பெருக்கல் விதி பொருந்தும். ஒரே தாய் தந்தையின் இரத்தமும் ஒரே வீட்டின் வாசமும் உடைய இரு குழந்தைகளின் மரணங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று யார் நிரூபித்தார்கள்? இது முதற்பிழை. இரண்டாவது இதனினும் கொடியது. ஒரு சம்பவம் இயற்கையாக நேர்வது அபூர்வம் என்பதும், குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியாயிருப்பது அபூர்வம் என்பதும் ஒன்றல்ல. லாட்டரியில் பெரும் பரிசு கிடைப்பது பல லட்சத்தில் ஒன்று. அதனால் பரிசு பெற்றவரெல்லாம் மோசக்காரராவாரா? ஒரு தாய் தன் இரு சிசுக்களையும் கொல்வதும் மிகமிக அபூர்வமே. இரு அபூர்வங்களையும் ஒரே தராசில் இட்டு நிறுக்க வேண்டுமேயன்றி, ஒரு தட்டை மட்டும் காட்டித் தீர்ப்புக் கேட்பது நியாயமாகாது.

இங்கிலாந்தின் இராயல் புள்ளியியல் சங்கம் 2001-ல் இந்தக் கணக்கைப் பகிரங்கமாகக் கண்டித்தது. 2003 ஜனவரியில் அந்த மாது விடுதலையானார். முக்கியமான வைத்தியப் பரிசோதனை முடிவொன்று மறைக்கப்பட்டிருந்ததே விடுதலைக்கு முதற்காரணம். எனினும் அந்த எண்ணையும் அப்பீல் கோர்ட்டு கடிந்து பேசிற்று. மூன்று வருஷங்களுக்கு மேல் சிறையிலிருந்த அவர் 2007-ல் காலமானார். அந்த நியாயஸ்தலத்தில் கல்விமான்களுக்குக் குறைவில்லை. ‘இவ்விரு எண்களைப் பெருக்கலாமா?’ என்ற கேள்விக்கு உரிய இடமே அங்கே குறைவாயிருந்தது. முதல் வருஷத்து மாணாக்கர் வகுப்பில் நூறு தடவை பெருக்குகிறார். அந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்கப் பழக்கப்படுகிறாரா?

நியாயஸ்தலத்தை விட்டு வைத்தியசாலைக்கு வருவோம். நூற்றில் ஒருவருக்கு உள்ள ஒரு வியாதியை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாகக் கூறும் சோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10,000 பேரைச் சோதித்தால், வியாதியுள்ள 100 பேரில் 95 பேர் அகப்படுவர். வியாதியில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் வியாதியுண்டு என்றே அச்சோதனை சொல்லும். ஆக, வியாதியுண்டு என்று கேட்டு நடுங்கும் 590 பேரில் உண்மையில் வியாதியுள்ளவர் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இதற்கு வேண்டிய கணிதம் பெருக்கலும் வகுத்தலுமே. இலக்கியமும் சரித்திரமும் படிப்பவருக்கு இது எட்டாது என்பாரின் ஆட்சேபம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அரசியலில் ஈடுபட்டோருக்கும் இதில் பாடமுண்டு. 1936-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை இருபது லட்சத்துக்கு மேற்பட்டோரின் விடைகளைத் திரட்டி, லாண்டன் ஜயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 ராஜ்யங்களில் 46-ஐக் கைப்பற்றினார். டெலிபோனும் மோட்டாரும் உடையவர்களின் பட்டியல்களைப் பெரிதும் நம்பியதும், விடையெழுத முன்வந்தவர்களை மட்டும் எண்ணியதும் அப்பத்திரிகையைக் கவிழ்த்தன. தொகை பெரிதாயிருப்பதால் மாதிரி நல்லதாகிவிடாது. எடுக்கும் முறையே பிரதானம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானையைக் கிளறிவிட்டு எடுத்தாலன்றோ அது பதம்!

இந்தச் சாஸ்திரம் நம் தேசத்துக்கு அந்நியமானதன்று. பௌதிக ஆசிரியரான மஹலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஸ்தாபித்தார். வங்காளத்துச் சணல் விளைவை மாதிரி முறையில் கணித்துக் காட்டிய அனுபவமே, 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கு வழி வகுத்தது. அவரிடம் பயின்ற சி. ஆர். ராவ் 1944-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பாடம் நடத்துகையில், பெரிய மாதிரிகளுக்குச் சொல்லப்பட்ட ஒரு விதி சிறிய மாதிரிகளுக்கும் பொருந்துமா என்று மாணாக்கர் ஒருவர் கேட்டார். பின்னாளில் பொருளாதார நிபுணராய் விளங்கிய வி. எம். தாண்டேகரே அவர். அன்றிரவே ராவ் அதை ஆராய்ந்து விடை கண்டார். 1945-ல் வெளியான அம்முடிவு இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது. வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியின் பலன் இது!

ஆதலால் நாம் வேண்டுவன இவை. பரீட்சையில் விடையுடன் காரணத்தையும் கேட்டு, அதற்கும் மதிப்பெண் தரவேண்டும். புத்தகத்து எண்களோடு நில்லாமல், மாணாக்கரே நாணயத்தைச் சுண்டியும், தம் ஊர்த் தெருவில் விசாரித்தும் எண்களைத் திரட்டிப் பழகவேண்டும். சட்டக் கலாசாலைகளில் பெரும்பாலும் கட்டாயமாயில்லாத இப்பாடம் சாட்சியச் சட்டத்தோடு சேர்த்துப் போதிக்கப்படவேண்டும். பத்திரிகையிலும் மேடையிலும் கோர்ட்டிலும் எண்கள் சாட்சியாய் வந்து நிற்கின்றன. குறுக்கு விசாரணையின்றி எந்தச் சாட்சியையும் ஏற்கலாகாது என்பது நியாய சாஸ்திரத்தின் பாலபாடம். எண்களைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த பிரஜைகளை நம் கலாசாலைகள் தேசத்துக்கு அளிக்குமாக!