உடைமை யாருடையது?

கெய்ரோ நகரின் தஹ்ரீர் சதுக்கத்திலுள்ள புராதனப் பொருட்காட்சிச் சாலையைக் காணச் செல்வோர், உள்ளே நுழையுமுன் அதன் முகப்பைச் சற்று நோக்குவாராக. 1902-ஆம் வருஷத்தில் திறக்கப்பெற்ற அம்மாளிகை எகிப்தியரின் மூதாதையர் விட்டுச்சென்ற செல்வத்தைக் காப்பது. ஆயினும் முகப்பில் பொறித்திருப்பது லத்தீன் வாசகம். அங்கே புகழப்பெறுவோர் ஐரோப்பியப் பண்டிதர். அந்நாட்டில் லத்தீன் பேசுவார் எவர்?

இது தற்செயலன்று. 1904-ல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட உடன்படிக்கையில், எகிப்தின் புராதனப் பொருள் இலாகாத் தலைமை முன்போலவே பிரெஞ்சு அறிஞருக்கு உரியது என்று விதித்தனர். வீட்டுக்குடையவனைக் கேளாமலே அயலார் இருவர் சாவியைப் பற்றிப் பேரம் முடித்தனர்! 1952 வரை அவ்வழக்கமே நின்றது.

பிரெஞ்சுக்காரராகிய மாரியெத்தின் தொண்டை நாம் மறுக்கவில்லை. 1863-ல் பூலாக்கில் காட்சிச்சாலையை நிறுவியவர் அவரே. ஆனால் காவல் செய்தவன் உடைமைக்காரனாகிவிட மாட்டான்.

எகிப்தியர் காக்க வல்லரோ என்று ஐயுறுவோருக்கு 2011 ஜனவரி 28 விடை கூறும். கொள்ளையர் புகுந்த அவ்விரவில், சாதாரண ஜனங்கள் கைகோத்து நின்று அக்கட்டடத்தைக் காத்தனர். 2025-ல் கீஸாவில் மாபெரும் புதிய காட்சிச்சாலையும் முறைப்படி திறக்கப்பெற்றது. தூத்தங்காமனின் கல்லறைச் செல்வம் இப்போது அங்கே இருக்கிறது.

ஆயினும் ரோஸெட்டாக் கல் லண்டனிலும், ராணி நெபர்டீட்டியின் சிலை பெர்லினிலும் இன்றும் இருக்கின்றன. காக்கத் தெரியாதவர் என்னும் பழைய சாக்கு இனிச் செல்லாது. உரியவரிடம் அவற்றை ஒப்புவிப்பதே நீதி.