அகத்தியமலைப் பூவை வாங்கும் முன் ஒரு கேள்வி

ஆர்க்கிட் என்றதும் சூப்பர்மார்க்கெட்டில் பூத்தபடியே விற்கும் ஃபலனாப்சிஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்று ஓர் ஆர்க்கிட் இருக்கிறது. காட்டில் அது வளர்வது தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் அகத்தியமலைப் பக்கத்தில் மட்டும்தான். மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு, கீழே செருப்பு முனை போல ஒரு பை. ஜன்னலோரத் தொட்டியில் அடங்கிவிடும் செடி.

"நம்ம ஊர் மலைப்பூ, நம்ம வீட்டில்" என்று ஆசை வருவது இயல்புதான். ஆனால் இந்தச் செடி காட்டில் கிட்டத்தட்ட அழிந்துபோனதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம். காட்டுத் தீ ஒரு பக்கம், பிடுங்கி விற்றவர்கள் மறுபக்கம்.

"நான் வாங்குவது ஒரே ஒரு செடிதானே?" என்று கேட்கலாம். வாங்கும் ஒவ்வொருவரும் அதையேதான் சொல்கிறார்கள். சில சரிவுகளில் மட்டும் மிஞ்சியிருக்கும் செடிக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

அதற்காக வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூசி போன்ற ஆர்க்கிட் விதைகளைச் சர்க்கரை கலந்த ஊட்டக் கலவையில் முளைக்க வைக்கலாம் என்று 1922-இலேயே லூயிஸ் நட்சன் காட்டிவிட்டார். இன்று நர்சரிகள் அப்படித்தான் குடுவைகளில் கன்றுகளை வளர்க்கின்றன. அந்தக் கன்றை வாங்குங்கள். பூக்கச் சில வருடங்கள் ஆகும், காத்திருங்கள்.

விற்பவரிடம் ஒரே கேள்வி: "இது எங்கே வளர்ந்தது?" பதில் மழுப்பலாக இருந்தால், வேர்கள் அறுந்திருந்தால், இலைகளில் பழைய பூச்சிக்கடி இருந்தால், விட்டுவிடுங்கள். எல்லாப் பாஃபியோபெடிலம்களும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பவை. எல்லை தாண்டி வர அனுமதிப் பத்திரம் வேண்டும். ஊருக்குப் போய்வரும்போது சூட்கேஸில் வைத்துக் கொண்டுவருவது சட்டவிரோதம்.

வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. நேர் வெயில் படாத வெளிச்சம், மரப்பட்டைத் துண்டுகள் நிறைந்த தொட்டி. நீர் சேமிக்கும் தண்டு இதற்குக் கிடையாது; அதனால் முழுக்கக் காயவிடக் கூடாது. குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும். குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கம் வேண்டாம்.

நம் மலையோடு ஓர் உறவு வேண்டும் என்றுதானே இதை வாங்குகிறோம்? அந்த மலையில் அது மிஞ்சியிருக்க வேண்டும்.